மூங்கில் கம்பில் கட்டிய ஏரியல்

12 நவம்பர் 1979, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. துணி எதுவும் காயவில்லை. சீருடைப் பாவாடை பதினாறு முடிந்தது, இன்னும் எட்டு. கொக்கி தீர்ந்துவிட்டது. தேக்கா கடைத்தெருவுக்குப் போகவேண்டும். மண்ணெண்ணெய். உப்பு.

கா. 9க்குப் பொங்கோல் பண்ணை வீட்டிலிருந்து லெட்சுமி வயர்லெஸ்ஸில் கூப்பிட்டாள். மாமனாருக்கு இருமல் அதிகமாம். புருஷன் கோவிந்தன் வேலை முடிந்து வரும்போது மருந்து வாங்கி வரவேண்டுமாம். அதை அப்படியே ஜூரோங்குக்குச் சொன்னேன். கப்பல் பட்டறை வாசலில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் சுப்பையா அண்ணன் எடுத்தார். "கோவிந்தன் பத்து மணிக்கு டீ குடிக்க வருவான், சொல்லிடறேன் தங்கச்சி. அங்கயும் மழை கொட்டுதா?"

தினமும் இதுதான். பொங்கோல் தீவின் ஒரு கோடி, ஜூரோங் மறு கோடி. பொங்கோல் பேசுவது ஜூரோங்குக்குக் கேட்காது. ஜூரோங் பேசுவது பொங்கோலுக்குக் கேட்காது. நடுவில், பன்னிரண்டாவது மாடியில் இருக்கும் எனக்கு இரண்டும் கேட்கும். ஒருவர் சொன்னதை இன்னொருவருக்கு என் வாயால் சொல்லவேண்டும். ஆறு வீடு, ஆறு வயர்லெஸ் செட். எல்லாம் என் வீட்டுக்காரர் பழைய சாமான் வாங்கிச் சேர்த்துச் செய்தவை. ஏரியல், சன்னலுக்கு வெளியே நீட்டித் துணி காயப்போடும் மூங்கில்களில் ஒன்றில். கீழேயிருந்து பார்த்தால் யாருக்கும் தெரியாது.

அவர் போய்ப் பதினான்கு மாதம். செட் முன்னால் உட்காரும்போது மட்டும் இன்னும் கொஞ்சம் இருக்கிறார்.

14 நவம்பர், புதன்

மழை விட்டது. புழுக்கம்.

மாலை சேவியர் வந்தார். லிப்ட் ஒன்பதாவதோடு நின்றுவிடும், மிச்சம் மூன்று மாடி ஏறி மூச்சு வாங்க வந்தார். கோயிலில் என் வீட்டுக்காரரோடு பாடல் குழுவில் இருந்தவர். அவருடைய சவப்பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் ஒருவர். லாரிக் கம்பெனி ஆபீசில் வேலை.

"ரெஜினாக்கா, இனிமே லைசென்ஸ் இல்லாம செட்டு வெச்சிருந்தா வீட்டுக்கே வந்து எடுத்துட்டுப் போயிடுவாங்க. ஃபைன் வேற. நான் ஃபார்ம் எடுத்துட்டு வந்திருக்கேன்லா. ஒரே லைசென்சா எடுத்துடலாம், எல்லாருக்கும் சேர்த்து."

"யார் பேர்ல தம்பி?"

"சட்டப்படி ஒரு ஆள் பேரு வேணும். அதெல்லாம் நான் பாத்துக்கறேன்கா. உங்களுக்கு எதுக்கு அந்தத் தொல்லை?"

காப்பி கொடுத்தேன். நல்ல பிள்ளை என்று நினைத்தேன். இதையும் எழுதி வைக்கிறேன், நினைத்தேன் என்று.

18 நவம்பர், ஞாயிறு

பூசைக்குப் பிறகு தலைவலி. நேராக வீடு. மீன் கெட்டுப்போயிருந்தது.

மதியம் லெட்சுமி பேச்சுவாக்கில் சொன்னாள். "அக்கா, காலைல கூட்டத்துக்கு நீங்க வரலியா? இவங்க கையெழுத்துப் போட்டுட்டு வந்தாங்களே."

என்ன கூட்டம்?

காப்பிக்கடையில் ஆறு வீட்டு ஆண்களும் கூடியிருக்கிறார்கள். இல்லை, ஐந்து வீட்டு ஆண்கள். ஆறாவது வீட்டில் ஆண் இல்லை. அதனால் கூப்பிடவில்லை. கோயில் வாசலில் சேவியர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். அப்போதே எல்லோரும் கடையில் காத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"என்ன பேப்பர்னு கேட்டியா?"

"இங்கிலீஷ்ல இருந்துச்சாம்கா. சேவியர் அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு போட்டுட்டாங்க."

19 நவம்பர், திங்கள்

சேவியர் லைசென்ஸ் ஃபார்மின் நகல் கொண்டுவந்து கொடுத்தார். நான் கான்வென்டில் ஏழாவது வரை படித்தவள் என்பது மறந்துவிட்டது போல. நின்றபடியே படித்தேன்.

நிலையம் இருக்கும் இடம்: என் வீட்டு விலாசம். பிளாக் எண், கதவு எண் எல்லாம் சரி.
உரிமையாளர்: சேவியர்.
உபயோகம்: லாரிப் போக்குவரத்து.

"லாரி எங்கேருந்து வந்துச்சு இதுல?"

"கம்பெனிக்கு உதவியா இருக்கும்னு சொன்னாத்தான்கா லைசென்ஸ் கிடைக்கும். காலை எட்டுலேருந்து சாயங்காலம் ஆறு வரைக்கும் லாரிக்காரங்க பேசுவாங்க. ஆறுக்கு மேல நம்ம வீடுங்க பேசிக்கலாம். நீங்க எப்பவும் போல உக்காந்து சொல்லுங்க, உங்களுக்குப் பழக்கம்தானே. கம்பெனி ஏதாவது பாத்துச் செய்யும்."

"இதுக்கு யாரும் முதலாளி இல்லைன்னு அவர் சொல்லுவாரே. உங்களுக்கு ஞாபகம் இல்லையா?"

"அண்ணன் இருந்தா அவரும் இதைத்தான்கா செஞ்சிருப்பாரு."

செத்தவரைச் சாட்சிக்குக் கூப்பிடுவது சுலபம். மறுத்துப் பேச அவர் வரமாட்டார்.

வேண்டாம் என்று சொல்லியிருக்கவேண்டும். வாசல்வரை போய்க் கதவைத் திறந்துவிட்டேன், அவ்வளவுதான்.

21 நவம்பர், புதன்

மறுபடி மழை. ஊசி இரண்டு முறை உடைந்தது.

நாள் முழுக்க லாரி. "எட்டாம் நம்பர் எங்க? ஹார்பர்ல வார்ஃப் ரெண்டுல நிக்குதா? சொல்லுக்கா, சீக்கிரம்!" முகம் தெரியாதவன் எல்லாம் என்னை விரட்டுகிறான். தையல் மெஷினுக்கும் செட்டுக்கும் நடுவே ஓடி ஓடி முதுகு விட்டுப்போயிற்று. இன்று தைத்தது மூன்றே பாவாடை.

மதியம் நடுவில் லெட்சுமி குரல். "அக்கா, மாமாவுக்கு இன்னிக்கு..." "சொல்லு லெட்சுமி" என்று நான் சொன்னது கேட்டுச் சேவியர், கம்பெனி ஆபீசில் வைத்திருக்கும் செட்டிலிருந்து: "ஃபேமிலி பேச்சு ஆறு மணிக்கு மேலதான்லா. லைனை விடுங்க."

அதையும் நானே அவளிடம் சொன்னேன். உடனே போய்விட்டாள். ஆறு மணிக்கு நானே கூப்பிட்டேன். "ஒண்ணுமில்லக்கா, கஞ்சி குடிக்க மாட்டேங்கறாரு. இவங்க வந்தா குடிப்பாரு" என்றாள்.

என் வீட்டுக்காரர் சன்னலுக்கு வெளியே எட்டி மூங்கிலில் இந்த ஏரியலைக் கட்டிய அன்று முழங்கை கிழிந்து ரத்தம் வந்தது. நான்தான் மருந்து போட்டேன். யாருக்காகக் கட்டினார்?

22 நவம்பர், வியாழன்

கா. 8.30க்குச் செட்டை நிறுத்தினேன். பிளக்கையே பிடுங்கி மேசைமேல் போட்டேன்.

எட்டாம் நம்பர் லாரி எங்கே என்று சேவியரே தேடட்டும். கம்பெனி முதலாளி கத்தட்டும். இந்த ரெஜினா இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது என்று ஒரு நாளாவது தெரியட்டும்.

என்ன அமைதி! மிச்சமிருந்த பாவாடை எல்லாம் முடிந்தது. மதியம் ரசம் வைத்துச் சூடாகச் சாப்பிட்டேன், நடுவில் எழுந்து ஓடாமல். சன்னலில் நின்று சிராங்கூன் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு பாட்டு முணுமுணுத்தேன்.

செட்டை இன்று போடப்போவதில்லை. நாளைக்குப் பார்க்கலாம்.

23 நவம்பர், வெள்ளி

கா. 8க்குப் போட்டேன். போட்டவுடன் சுப்பையா அண்ணன் குரல்.

"தங்கச்சி, உனக்குத் தெரியுமா? கோவிந்தனோட அப்பா நேத்து மூணு மணிக்குத் தவறிட்டாரு."

 எழுத்து கோணல். பிறகு எழுதுகிறேன்.

மா. 5. அண்ணன் சொன்னது: பதினோரு மணியிலிருந்து கிழவருக்கு மூச்சு இழுத்திருக்கிறது. லெட்சுமி தனியாள். போன் இருக்கும் கடை அரை மைல். அவரை விட்டுவிட்டு நகர முடியவில்லை. செட்டில் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். கடைசியில் பக்கத்துப் பண்ணைக்காரர் கடைக்கு ஓடிப் பட்டறைக்குப் போன் செய்திருக்கிறார். எடுத்தவன் சொல்கிறேன் என்றானாம். சொல்லவில்லை. கோவிந்தன் எப்போதும் போலக் கம்பெனி பஸ்ஸில் வந்து, ஏழு மணிக்கு இறங்கி நடந்திருக்கிறான். வாசலில் கூட்டம் நிற்பதைப் பார்த்துத்தான் தெரியும்.

என் காதில் விழுந்திருந்தால் ஒரு நிமிடம். சுப்பையா அண்ணனுக்குச் சொல்ல ஒரு நிமிடம். ஒரு மணிக்கெல்லாம் கோவிந்தன் வீட்டில் இருந்திருப்பான்.

நான் ரசம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

24 நவம்பர், சனி

பொங்கோல் போனேன். இரண்டு பஸ். பாதையெல்லாம் சேறு. வெள்ளைச் சேலையின் கரை முழுக்கச் சேறு.

லெட்சுமி என் தோளில் விழுந்து அழுதாள். "கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன்கா. 'கோவிந்தன் கிளம்பிட்டானா'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. 'கிளம்பிட்டாங்க மாமா, ரெஜினாக்கா சொல்லியிருப்பாங்க'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். பொய் சொல்லிட்டேன்கா அவருகிட்ட."

அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன். இந்தக் கையால்.

எடுப்புக்கு முன்னால் கோவிந்தன் சேவியர் சட்டையைப் பிடித்தான். "உன் லாரிக்குத்தானே லைனு! என் பொண்டாட்டி பேசினா லைனை விடுன்னு சொன்னவன்தானே நீ!"

"சத்தியமாடா, அன்னிக்கு எங்களுக்கும் கேக்கலைடா! காலைலேருந்தே நடு ஸ்டேஷன் வரல!"

யாரும் நம்பவில்லை. சேவியர் திரும்பி என்னைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள்.

"மழைதான்" என்றேன். "ஏரியல்ல தண்ணி இறங்கியிருக்கும்."

அன்று மழையே இல்லை. அது யாருக்கும் நினைவு வரவில்லை. கோவிந்தன் கையை எடுத்தான். என்னைப் பார்த்து, "உங்களை ஒண்ணும் சொல்லலக்கா" என்றான்.

28 நவம்பர், புதன்

லாரி, லாரி, லாரி. சொல்கிறேன். சொல்லிக்கொண்டே இருக்கிறேன். எழுந்து போவதற்குப் பயம்.

லெட்சுமி ஒரு நாளும் கூப்பிடவில்லை. துக்க வீடு. ஆறு மணிக்கு மேல் அந்தப் பக்கத்திலிருந்து இரைச்சல் மட்டும்.

1 டிசம்பர், சனி

பாவசங்கீர்த்தனம். வரிசையில் எனக்கு முன்னால் நாலு பேர்.

எல்லாம் சொன்னேன்.  ஃபாதர், அது கோபத்தில் செய்தது, சாகட்டும் என்று செய்தது அல்ல, ஆண்டவர் மன்னித்துவிட்டார், ஒரு செபமாலை சொல்லுங்கள் என்றார்.

"அந்தப் பொண்ணுகிட்ட சொல்லணுமா ஃபாதர்?"

"சொன்னா அவங்களுக்கு ஆறுதலா இருக்குமா, உங்களுக்கா? யோசிச்சுப் பாருங்கம்மா."

செபமாலை சொல்லி முடித்தேன். ஒன்றும் இறங்கவில்லை. ஆண்டவருக்கு முதலிலேயே தெரியும். தெரியாதது லெட்சுமிக்கு.

4 டிசம்பர், செவ்வாய்

சேவியர் வந்தார். உட்காரவில்லை.

"அக்கா, நேத்து ஆள் கூட்டிட்டு வந்து ஏரியலைப் பாத்தேன்ல. தண்ணி போன அடையாளமே இல்லையாம். அன்னிக்கு நீங்க ஆஃப் பண்ணீங்களா?"

"ஆமா."

எத்தனை நாள் ஒத்திகை பார்த்த வார்த்தை, இவரிடம் போய் இவ்வளவு லேசாக வந்தது. கத்துவார் என்று நினைத்தேன். கத்தினால் நானும் கத்தலாம் என்று இருந்தேன். கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"யார்கிட்டயும் சொல்லாதீங்க. மழைன்னே இருக்கட்டும். நடு ஸ்டேஷனை நினைச்சா நிறுத்திடுவாங்கன்னு தெரிஞ்சா கம்பெனி விட்டுட்டுப் போயிடும். கோவிந்தன் கோபம் ரெண்டு மாசத்துல ஆறிடும். உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

போகும்போது சிரித்தார். சொந்தக்காரரைப் பார்த்துச் சிரிப்பது போல. என் வீட்டில் என்னைக் கேட்காமல் முதலாளி ஆனவர் அவர். ஒரு பொய்யில் இன்றைக்கு இரண்டு பேரும் பங்காளி.

மூங்கிலில் இருந்த துணியெல்லாம் நனைந்துவிட்டது. எடுக்கத் தோன்றவில்லை.

7 டிசம்பர், வெள்ளி

இன்று பதினாறாம் நாள். காரியத்துக்குப் போகவில்லை. அந்த வீட்டில் கை நனைக்க முடியாது.

மா. 6.30. லாரிகள் ஓய்ந்த நேரம். காரியம் முடிந்திருக்கும். செட் முன்னால் உட்கார்ந்தேன். ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டேன். ஐந்து வீடும் வந்தன. பொங்கோலில் லெட்சுமியே எடுத்தாள். "சொல்லுங்கக்கா" என்றாள், பதினாறு நாள் கழித்து.

நடுவில் நிறுத்தினால் மறுபடி தொடங்கமாட்டேன் என்று தெரியும். ஒரே மூச்சில் சொன்னேன். "மழை இல்லை. அன்னிக்கு நான்தான் செட்டை நிறுத்தினேன். சேவியர் மேல கோபம். நாள் முழுக்க நிறுத்தி வெச்சிருந்தேன். உன் குரல் எனக்குக் கேக்கல லெட்சுமி, ஏன்னா நான் கேக்க வேண்டாம்னு இருந்தேன். கோவிந்தன், சேவியர் அன்னிக்குச் சொன்னது உண்மை." ஜூரோங்கில் பாதி இரைச்சலாம், சரியாகக் கேட்கவில்லையாம்; அதையே திரும்பச் சொன்னேன். என் குற்றத்தையும் நானே இரண்டு தடவை சொல்லவேண்டியிருந்தது.

 தூரத்தில் யாரோ மலாயில் சிரித்துப் பேசும் சத்தம் வந்து போயிற்று.

பிறகு லெட்சுமி. "எத்தனை மணிக்குக்கா நிறுத்தினீங்க?"

"எட்டரை."

"நான் பதினோரு மணிக்குத்தான் ஆரம்பிச்சேன்."

"தெரியும்."

"மூணு மணி வரைக்கும் கூப்பிட்டேன்."

"தெரியும்மா."

"சரிக்கா."

அவ்வளவுதான். அந்தப் பக்கம் செட்டை நிறுத்திவிட்டாள்.

9 டிசம்பர், ஞாயிறு

வெயில். பூசைக்குப் போகவில்லை.

காலையில் சேவியர் இரண்டு ஆட்களோடு வந்து ஏரியலைக் கழற்றினார். தோ பாயோவில் வேறொரு மாடி வீடு கிடைத்திருக்கிறதாம். என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஏன்கா சொன்னீங்க" என்று மட்டும் கேட்டார், பதிலுக்கு நிற்கவில்லை. மூங்கிலையும் சேர்த்துக் கொண்டுபோகப் பார்த்தார்கள். அது என் மூங்கில் என்றேன். கம்பியை அறுத்துக்கொண்டு போனார்கள்.

மதியம் சுப்பையா அண்ணன். கையில் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம். லெட்சுமி வீட்டுச் செட்.

"கோவிந்தன் குடுக்கச் சொன்னான். இனிமே வேணாமாம்."

"லெட்சுமி என்ன சொன்னா அண்ணே?"

"ஒண்ணும் சொல்லல. தூசியெல்லாம் நல்லாத் துடைச்சு, வயரைச் சுத்தி வெச்சுக் குடுத்துச்சு."

வாங்கி மேசைமேல் வைத்தேன். தேநீர் போட்டுக்கொண்டு வந்தேன். அண்ணன் அதற்குள் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தார். "கடையைத் திறந்து போட்டுட்டு வந்துட்டேன் தங்கச்சி" என்றார். ஞாயிற்றுக்கிழமை அவர் கடை திறப்பதில்லை.