மாறனுக்கு எழுதிய சிபாரிசு

ஜூன் 11, 2025

கோதண்டராமன் சார் போன் பண்ணினார். "சிந்துஜா, உனக்கும் மாறனுக்கும் சிபாரிசு லெட்டர் நீயே எழுதி அனுப்பிடும்மா. நான் கையெழுத்துப் போட்டு ஜெர்மனிக்கு அனுப்பிடறேன்." சென்னையில் அவரிடம்தான் ரெண்டு பேரும் பிஎச்.டி. முடிச்சோம். எழுத அவருக்கு நேரமில்லையாம். முக்கால்வாசி கைடுங்க இப்படித்தான், கோவிச்சு என்ன ஆகப் போகுது?

நரம்பு செல் ஆராய்ச்சி பண்ற அந்த லேபில், பிஎச்.டி. முடிச்சவங்களுக்கான போஸ்ட்டாக் வேலை ஒண்ணே ஒண்ணுதான். ரெண்டு பேருமே போட்டிருக்கோம். "யாருக்குக் கிடைச்சாலும் நமக்குத்தான சிந்து. ஒருத்தர் முன்னாடி போவோம், கல்யாணத்தப் பண்ணிக்கிட்டு இன்னொருத்தர் பின்னாடி" என்கிறான் மாறன். நம்பிக்கையாக இருக்கிறது. சந்தோஷமாகவும்.

ஜூன் 12

அவனுக்கு எழுதுவது சுலபமாக இருந்தது. ஒரு பக்கம் போனதே தெரியவில்லை. எனக்கு எழுத உட்கார்ந்தால் கை கூசுது. நம்மள நாமே எப்படிப் புகழ்ந்துக்கிறது? 'கடின உழைப்பாளி, நம்பகமானவர்.' சே! வாட்ச்மேன் வேலைக்கு எழுதின மாதிரி இருக்கு.

அவன் லெட்டரில் ஒரு நல்ல சம்பவம் மட்டும் குறைந்தது. இன்குபேட்டர் விஷயத்தைக் கொடுத்துவிட்டேன். எலி மூளையிலிருந்து எடுத்துத் தட்டில் வளர்த்த செல்லெல்லாம் மாசக்கணக்கில் செத்துக்கிட்டே இருந்தப்ப, கோளாறு அதுகளை வைக்கிற அந்தப் பெட்டியிலதான்னு கண்டுபிடிச்சது. கண்டுபிடிச்சது நான். அவன் அப்போ அக்கா கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தான்.

எங்க ஊர்ச் செங்கம் ரோட்டு காபி கடையில் அவனிடம் காட்டினேன். வெள்ளைக்காரங்க உட்கார்ற கடை, சொந்தக்காரங்க எட்டிப் பார்க்க மாட்டாங்க. படிச்சுட்டுச் சிரிச்சான். "இது நான் இல்லையே."

"வச்சுக்கோ. எங்கிட்ட ஜாஸ்தி இருக்கு." பெரிய வள்ளல் நான்.

ஜூலை 3

வீட்டிலேயே, லேப்டாப்பில் இன்டர்வியூ. அம்மா மிக்சியைக்கூடப் போடாம உட்கார்ந்திருந்தாங்க. அந்த லேப் தலைவி தன்மையா பேசினாங்க. நீங்களே தீர்த்த ஒரு சிக்கலைச் சொல்லுங்கன்னு கேட்டாங்க. வாயைத் திறந்தா இன்குபேட்டர்தான் வருது. பாதி சொன்னதும் அந்தம்மா முகம் மாறிடுச்சு. நேத்து மாறனும் இதையேதான் சொன்னார், அவர் கண்டுபிடிச்சதா. உங்க பேராசிரியரும் அப்படித்தான் எழுதியிருக்கார் —

நான்தான்னு சொன்னா அவன் பொய்யனாயிடுவான். சாரும். எழுதின நானும்.

"ஆமா, அவர்தான். நான் கூட இருந்தேன்"னு சொல்லிட்டேன். அதுக்கப்புறம் என்ன கேட்டாங்க, என்ன பதில் சொன்னேன் — ஒண்ணும் ஞாபகம் இல்ல.

ஜூலை 10

மாறனுக்குக் கிடைத்துவிட்டது.

அதே காபி கடை. "லெட்டர்ல இருந்துச்சு, கேட்டாங்க. நான் இல்லன்னா சொல்ல முடியும்? நீதான எழுதின?" என்றான்.

நியாயமான பேச்சுதான். ஓங்கி ஒண்ணு விடலாம் போல இருந்தது. "அன்னிக்கே எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வேற ஏதாவது சொல்லித் தொலைச்சிருப்பேன்ல?" என்றேன். காபி ஆறிப்போச்சுன்னு வேற காபி சொல்ல எழுந்து போனான்.

ஆகஸ்ட் 22

போயிட்டான்.

ஆகஸ்ட் 25

கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்க வந்த அவன் அம்மா, அதே வேங்கிக்கால்லதான எங்க வீடுன்னு விசாரிச்சுக்கிட்டு வந்துட்டாங்க. கையில் ஒரு பை மல்லாட்டை, உரிக்காத வேர்க்கடலை. "மாறன்கூடப் படிச்ச பொண்ணாமே நீ. நீ நல்லா உதவி பண்ணினதா சொன்னான். ஒரு எட்டு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

கூடப் படிச்ச பொண்ணு. அவ்வளவுதான் சொல்லி வச்சிருக்கான்.

செப்டம்பர் 30

இந்த வாரமும் போன் இல்லை.

நவம்பர் 5

இன்றைக்குப் பண்ணினான். இங்க தலைக்கு மேல வேலை, கல்யாணப் பேச்சையெல்லாம் இப்ப வேணாம், எனக்காகக் காத்திருக்காத — இதைச் சொல்லத்தானா?

அடுப்படியில் நின்று அழுதேன். "வெங்காயம்கூட உரிக்கல, என்னாடி கண்ணுல தண்ணி?" என்றாங்க அம்மா. எல்லாத்தையும் சொல்லிட்டேன். அம்மா அடுப்பை அணைச்சாங்க. அப்புறம், "எலி மூளையை விட்டுட்டு உன் மூளையை வெட்டிப் பாத்திருக்கணும்டி" என்று சொல்லி முந்தானையால் என் முகத்தைத் துடைச்சாங்க.

டிசம்பர் 18

தீபக் கூட்டம் போய் ஊர் அடங்கிவிட்டது. காலையில் டியூஷன் பிள்ளைகளுக்குச் செல் படம் வரைந்துகொண்டிருந்தபோது மாறனிடமிருந்து மெசேஜ். அங்கே தட்டு தட்டாகச் செல் சாகுதாம். முன்னாடி கண்டுபிடிச்சவர் ஆச்சேன்னு எல்லாரும் அவனையே பார்க்கிறாங்களாம். "சிந்து, அப்ப நீ கரெக்டா என்ன பண்ண?"

என்ன பண்ணினேன்னு லெட்டரில் எழுதவில்லை. எழுத அதில் பெருசா ஒண்ணும் இல்லை. கதவைத் திறந்து மூக்கை உள்ளே விட்டேன். பெட்டியைத் துடைக்கிற மருந்து வாடை உள்ளேயே தங்கியிருந்தது. அதான் கொன்னுக்கிட்டு இருந்தது.

போனைக் கவுத்து வைத்துவிட்டு மாடியில் துணி காயப்போட்டேன். படட்டும், நல்லா படட்டும். ஆனா அந்தச் செல்லுங்க என்ன பாவம் பண்ணுச்சு?

"கதவைத் திறந்து மோந்து பாரு. மருந்து வாடை வந்தா நல்லா கழுவி ஆற விடு" என்று அனுப்பினேன்.

உடனே ஒரு கட்டைவிரல் வந்தது.

எப்படி இருக்கன்னு கேட்பான்னு சாயங்காலம் வரைக்கும் போனைக் கையிலேயே வச்சிருந்தேன்.