துணைக்கு வந்தவளின் டிக்கெட்

சின்னம்மா,

இன்று காலை கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது கரிப்புகை வாசம் வந்தது. சூரமங்கலத்தில் குடியேறிய நாளாக ரயில் சத்தம் எனக்குப் பழகிப்போனதுதான். ஆனால் இப்போதெல்லாம் டீசல் இஞ்சின்கள்தான் போகின்றன. யார்டில் பெட்டிகளை இழுத்துவிடுவதற்கு மட்டும் ஒரு பழைய நீராவி இஞ்சினை வைத்திருக்கிறார்கள். காற்று இந்தப் பக்கம் திரும்பினால் வெள்ளைத் துணியெல்லாம் கரும்புள்ளியாகிவிடும். மருமகள் முணுமுணுத்துக்கொண்டே துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் கொடிக்கயிற்றைப் பிடித்தபடி அங்கேயே நின்றேன். அந்த வாசத்தோடு நீயும் வந்துவிட்டாய், வெள்ளைச் சேலையும் கலைந்த தலையுமாக.

இரண்டாவது உலகச் சண்டை தொடங்குவதற்கு முந்தைய வருஷங்கள் அவை. உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் இருந்த வகுப்புகளையெல்லாம் நான் முடித்துவிட்டேன். மேலே படிக்க வேண்டுமானால் சேலம்தான். அப்பாவுக்கு என்னைப் படிக்கவைக்க ஆசை. ஆனால் பெரிய மனுஷியான பெண்ணைத் தனியாக ரயிலேற்றி அனுப்ப முடியுமா? யார் துணைக்குப் போவது என்று வீட்டில் பேச்சு வந்தபோது எல்லோருடைய கண்ணும் உன்மேல் விழுந்தது. புருஷன் போனபின் அக்கா வீட்டோடு வந்துவிட்டவள், குழந்தையில்லாதவள், அடுப்படியும் மாட்டுக் கட்டுத்தறியும் தவிர வேறு போக்கிடம் இல்லாதவள். உனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. போகிறாயா என்று உன்னை யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. போ என்றார்கள், நீ வந்தாய்.

சங்ககிரி ஸ்டேஷனில் முதல் நாள் பெண்கள் பெட்டியில் ஏறியதும் நீ உட்காரவில்லை. ஓரமாக நின்றாய். நான் கையைப் பிடித்து இழுத்து ஜன்னலோரம் உட்காரவைத்தேன். வண்டி நகர்ந்தபோது நீ என் மணிக்கட்டைப் பிடித்த பிடி, மாவெலிபாளையம் வரையில் தளரவேயில்லை. கஞ்சமலை தெரிகிற இடத்துக்கு வந்தபோது பார்க்கிறேன், தலையை வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறாய். கண்ணில் கரித்தூள் விழுந்து தண்ணீர் கொட்டுகிறது. துடைத்துக்கொண்டே சிரிக்கிறாய். உனக்கு இவ்வளவு பெரிய சிரிப்பு உண்டு என்று அன்றுவரை எனக்குத் தெரியாது.

முதல் வாரம் பள்ளிக்கூட வாசலில் உட்கார்ந்தே பொழுதைக் கழித்தாய். அடுத்த வாரம் தெருமுனை வரை போனாய். அதற்கப்புறம் சேலம் முழுவதும் உன்னுடையதாகிவிட்டது. சாயந்திரம் வண்டியில் நான் பாடம் படிக்கப் புத்தகத்தைப் பிரித்தால் நீ விடமாட்டாய். பொன்னம்மாபேட்டையில் தெரு நீளத்துக்கும் நெசவுக்குப் பாவு பூட்டிச் சிவப்பும் பச்சையுமாக நூல் ஓடுவதையும், செவ்வாய்ப்பேட்டை மண்டிகளில் மூட்டை ஏற்றுகிறவர்கள் போடுகிற ராகத்தையும், அச்சாபீஸ் ஜன்னலில் நின்று பார்த்ததையும் சொல்லிக்கொண்டே வருவாய். பெட்டியில் இருக்கிற பெண்கள் எல்லோரும் உன் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வார்கள். மகுடஞ்சாவடியில் தயிர்ப்பானையோடு ஏறுகிற பாவாயி, நீ வராத நாளில் வண்டியே மெதுவாகப் போகிறது என்பாள்.

அந்தச் சந்தோஷத்துக்கு ஒரு விலை இருந்தது. அது அப்பாவின் மடியிலிருந்து போய்க்கொண்டிருந்தது. படிக்கிற எனக்கு ரயிலில் சலுகை உண்டு. துணைக்கு வருகிற உனக்கு முழு டிக்கெட். அடுத்த வருஷம் மழை பொய்த்தது, கடலைக்காயும் விலை போகவில்லை. பெரியப்பா ஒருநாள் களத்துமேட்டில் உட்கார்ந்து பேச்சை எடுத்தார். ஒரு பிள்ளை படிக்க இரண்டு பேர் ரயிலேறுவது எந்த ஊர் நியாயம் என்றார். பள்ளிக்கூடத்திலேயே ஆஸ்டல் இருக்கிறது, சேர்த்துவிட்டால் பாதிச் செலவு, வீட்டுவேலைக்கும் ஓர் ஆள் மிச்சம் என்றார். கணக்கு சரியாகத்தான் இருந்தது. அப்பா தலையை ஆட்டினார்.

நான் உன்னைப் பார்த்தேன். நீ கடலைக்காய் புடைத்துக்கொண்டிருந்தாய். முறத்தின் சத்தம் ஒரு கணம் நின்றது. பிறகு முன்னைப் போலவே கேட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் படிப்பு எப்படியும் நடக்கும். உனக்குத்தான் எல்லாம் நின்றுபோகும்.

மறுநாள் வண்டியில் நீ ஜன்னலோரம் உட்காரவில்லை. ஆஸ்டலுக்குப் போகமாட்டேன் என்று வீட்டில் அடம்பிடிக்கப்போவதாக நான் சொன்னேன். நீ என் தலையைத் தடவினாய்.

“என்னைய நெனச்சு உன்ற படிப்பக் கெடுத்துக்காத சாமி. நான் ஒரு வழி பாக்கறேன்.”

மகுடஞ்சாவடியில் பாவாயி ஏறியதும் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாய். எந்தத் தெருவில் விற்கிறாய், எத்தனை வீடு வாடிக்கை, பானைக்கு ரயிலில் தனியாகக் கேட்பார்களா என்று ஒன்றன்மேல் ஒன்றாகக் கேள்வி. ராத்திரி முழுக்க நீ தூங்காமல் யோசித்திருக்கிறாய் என்று அப்போது தெரிந்தது.

அன்று சாயந்திரம் வீட்டில் நடந்ததை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! அப்பா இருக்கிற இடத்தில் நீ கதவுக்குப் பின்னால் நின்றுதான் பேசுவாய். அன்று நேரே வந்து முன்னால் நின்றாய்.

“மாமா, என்ற டிக்கெட்டுக்கு இனி உங்களக் கேக்க மாட்டேனுங்க. ஊருக்குள்ள வெண்ணெ வாங்கி நெய்யாக் காச்சிக் கொண்டுபோயி விக்கறேனுங்க. புள்ளையோட நானும் போயிட்டு வாரேனுங்க.”

பெரியப்பா எழுந்தே விட்டார். தாலியறுத்தவள் நெய்த் தூக்கோடு கடைவீதியில் அலைவதா, நாலு பேர் என்ன சொல்வார்கள் என்றார். அதுவரை வாயே திறக்காமல் இருந்த அம்மாதான் பேசினாள்.

“அவ போவட்டுங்க. இந்த ஊட்டுக்கு வந்த நாளா அவ கேட்டது இது ஒண்ணுதான்.”

அப்பா நிமிர்ந்து, “நெய்ய ரயிலெல்லாம் ஊத்தாமப் பாத்துக்க அம்மிணி” என்றார். அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது.

முதல் நாள் ஒரு சொட்டுக்கூட விற்கவில்லை. தெருவில் நின்று கூவ உனக்கு வாய் வரவில்லை. தூக்குப்போசி நிறைய நெய்யை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தாய். மறுநாளும் அப்படித்தான். மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, மத்தியானம் மணி அடிப்பதற்கு முன்பே நீ பள்ளிக்கூடத்துக்கு ஓடிவந்தாய். வீட்டில் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்து வாட்ச்மேன் என்னை வகுப்பிலிருந்து கூட்டிவந்தார். நீ மூச்சு வாங்கிக்கொண்டு வெறும் போசியைக் கவிழ்த்துக் காட்டினாய்.

கோட்டைப் பக்கம் ஒரு ஜவுளி வியாபாரியின் வீட்டில் நிக்காஹ் ஏற்பாடாம். நிழலுக்காக வாசலோரம் நின்ற உன்னை, திரைக்குப் பின்னாலிருந்து அந்த வீட்டு அம்மா கூப்பிட்டிருக்கிறார். முருங்கை இலை போட்டுக் காய்ச்சின வாசம் அவரை இழுத்துவிட்டது. ராசிபுரத்து நெய்யா என்று கேட்டாராம். ராசிபுரம் நெய்க்குப் பெயர்போன ஊர், ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். நீயோ, “இல்லீங்க, சங்ககிரி நெய்யுங்க” என்று சொல்லியிருக்கிறாய். அப்படி ஒரு நெய் அன்றைக்குத்தான் உலகத்தில் பிறந்தது. மொத்தத்தையும் வாங்கிக்கொண்டதோடு, கல்யாணத்துக்கு இன்னும் வேண்டும் என்று சொல்லியனுப்பினார் அந்த அம்மா. அவருடைய உறவுக்காரர்கள் வீடுகளே பிற்பாடு உனக்குப் பாதி வாடிக்கை.

அன்று ஸ்டேஷனுக்கு நாம் நடக்கவில்லை. ஜட்கா வைத்தாய். எதற்கு இந்தச் செலவு என்று நான் கேட்டதற்கு, பேசாமல் ஏறு என்றாய். பின்புறம் இருவரும் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து, தெருவில் போகிறவர்களையெல்லாம் பார்த்துக்கொண்டே போனோம்.

என் படிப்பு முடிகிற வருஷம், நம் பயணமும் முடியப்போகிறதே என்று வண்டியில் நான் அழுதேன். உனக்கு நான் சொல்வதே விளங்கவில்லை.

“நீ நின்னுக்கோ. நான் எதுக்குச் சாமி நிக்கோணும்?”

நீ நிற்கவில்லை. சண்டைக் காலத்தில் பட்டாளத்துக்காரர்கள் வண்டியை நிறைத்தபோதும், டிக்கெட் விலை ஏறியபோதும் போய் வந்துகொண்டே இருந்தாய். ஒரு தீபாவளிக்குச் சேலத்திலிருந்து கத்தரிப்பூ நிறத்தில் சேலை வாங்கிக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினாய். பெரியப்பா பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு நெய் உன்னிடம்தானே வாங்க வேண்டும்! பயிற்சி முடித்து எனக்குச் சேலத்திலேயே டீச்சர் வேலை கிடைத்ததும், மறுபடி ஒரே வண்டியில் போனோம். அப்போது யாரும் யாருக்கும் துணையில்லை. வேலைக்குப் போகிற இரண்டு பேர், அவ்வளவுதான்.

போன ஆவணியில் நீ போய்விட்டாய். உன்னிடம் பேசாமல் விட்ட விஷயம் ஒன்று உண்டு. என் கடைசிப் பரீட்சை நாள் உனக்கு நினைவிருக்கும். நான் கிளம்பும்போது பெரியம்மா உன்னைப் பார்த்து, பிள்ளை வாசல் தாண்டும் வரை உள்ளே இருந்துவிட்டுப் பிறகு வா என்றாள். நீ முகம் மாறாமல் உள்ளே திரும்பினாய். நான் படியிலேயே நின்றுவிட்டேன். சின்னம்மா முன்னால் போனால்தான் போவேன் என்றேன். அப்பாதான் சத்தம்போட்டு உன்னை வெளியே அழைத்தார். “நீதான கூட்டிட்டுப் போறவ, முன்னால நட அம்மிணி” என்றார். நீ தலைகுனிந்து எனக்கு முன்னால் இறங்கினாய். ஊர்க்கோடி வரை உன் முகத்தை நான் பார்க்க முடியவில்லை. திரும்பியபோது உன் கண் ஈரமாக இருந்தது, வாயில் சிரிப்பு.

பரீட்சை, வேலை, கல்யாணம், பிள்ளைகள் என்று என் வாழ்வில் நல்லது எதுவானாலும் அதற்கு உன்னைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன். ஒன்றும் குறைந்துபோகவில்லை. இப்போதும் எங்கேயாவது போகுமுன் வாசலில் ஒரு கணம் நிற்கிறேன். மருமகள் எதையாவது மறந்துவிட்டீர்களா என்று கேட்கிறாள். இல்லையம்மா என்கிறேன். நீ எனக்கு முன்னால் படியிறங்குவதை மனசில் பார்த்துக்கொண்டு, அப்புறம்தான் காலை எடுத்து வைக்கிறேன்.