கால்கரியில் உன் தக்காளி

என் சரசுவுக்கு,

நீ இருக்கும் இடத்தில் குளிரா வெயிலா தெரியவில்லை. இங்கே கோயம்புத்தூர் கணபதியில் விடிந்ததுமே வேர்க்கிறது. பக்கத்துப் பட்டறையில் லேத் ஓட ஆரம்பித்துவிட்டது. நான் இன்னும் நம் பட்டறையைத் திறக்கவில்லை, திறக்கத் தோன்றவும் இல்லை. காரணம் உன் மகள்தான், வேறு யார்.

நந்தினியின் தக்காளிச் செடி பனியில் கருகிப்போய்விட்டது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். பாதியில் ஆரம்பித்தால் உனக்குப் பிடிக்காது. "ஏனுங்க, தலையுமில்லாம வாலுமில்லாம என்னத்தச் சொல்றீங்க" என்பாய். அதனால் முதலிலிருந்தே வருகிறேன், பொறுமையாகக் கேள்.

போன புரட்டாசியில் நீ போனபோது அவளால் வரமுடியவில்லை. கனடாவில், கால்கரியில், அவள் விசா புதுப்பிக்கக் கொடுத்திருந்த நேரம். கிளம்பினால் திரும்ப உள்ளே வருவது நிச்சயமில்லை என்று சொல்லிவிட்டார்கள். உன்னை வீட்டிலிருந்து எடுத்துப்போனதையும் அவள் போனில்தான் பார்த்தாள். கொடுமுடியில் உன் அஸ்தியைக் கரைக்கும்போது ஒரு கையில் உன்னையும் மறு கையில் அவளையும் வைத்துக்கொண்டு காவிரியில் நின்றேன். காரியம் செய்துவைத்தவர் முறைத்தார், முறைத்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன்.

அவள் அழவே இல்லை சரசு. "சரிங்ப்பா, நேரத்துக்குச் சாப்புடுங்க" என்றாள், அவ்வளவுதான். அன்றைக்கு மட்டுமில்லை, அதற்குப் பிறகும் ஒருநாள்கூட அவள் குரல் உடைந்து நான் கேட்கவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. சின்ன வயதில் பென்சில் தொலைந்ததற்கு ஊரைக் கூட்டியவள் அல்லவா?

மாசியில் ஒருநாள் காலை, அவளுக்கு முந்தின நாள் மாலை, போனில் ஒரு துணியைக் காட்டினாள். என் பழைய வேட்டியில் கிழித்த துண்டு. அதில் சாம்பல் பூசிக் காயவைத்த உன் தக்காளி விதை. அவள் விமானம் ஏறும்போது ஊறுகாய் பாட்டில்களுக்கு நடுவே நீ செருகி அனுப்பியிருக்கிறாய், எனக்குத் தெரியவே தெரியாது.

"இத முளைக்க வெக்கப்போறனுங்ப்பா. அம்மாவுக்கு வருச சாமி கும்புடறப்ப இதுல ஒரு பழமாவது படைக்கோணும். நான் வேற என்ன செஞ்சேன் அம்மாவுக்கு?"

"வளத்து கண்ணு" என்றேன். அவளுக்குப் பின்னால் ஜன்னலில் முழங்கால் உயரத்துக்குப் பனி கிடந்தது.

அந்த ஊரில் தக்காளி வளர்ப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. மாசியில் மண்ணில் கைவைக்க முடியாது. காகிதக் கோப்பைகளில் விதை ஊன்றி, வெயிலுக்குப் பதில் விளக்கைப் போட்டு, வீட்டுக்குள்ளேயே வளர்த்தாள். நாற்றெல்லாம் வெளிச்சத்தைத் தேடித் தேடி நோஞ்சானாக நீண்டது. வைகாசி பிறந்த பிறகுதான் வெளியே எடுத்தாள். அதுவும் முதல்நாள் கொஞ்ச நேரம், மறுநாள் இன்னும் கொஞ்சம் என்று, பாலர் பள்ளிக்குப் பிள்ளையைப் பழக்குவதுபோல. மண்ணில் நட்ட பிறகு ஒரு ஆலங்கட்டி மழை. துணிக்கூடையைக் கவிழ்த்து மூடிவிட்டுத் தான் நனைந்துகொண்டு நின்றாள் என்று மாப்பிள்ளை சொன்னார்.

தினமும் என்னைக் கூப்பிட்டுக் கேட்பாள். பக்கக் கிளையை அம்மா கிள்ளுவாளா, விடுவாளா? பூ உதிர்ந்தால் என்ன செய்வாள்? பெரியநாயக்கன்பாளையத்துத் தோட்டத்தில் தக்காளிக்கு நடுவே வளர்ந்தவள் நீ. நான் லேத்தில் இரும்பு கடைபவன், தக்காளியில் எனக்குத் தெரிந்தது ரசம்தான். ஆனாலும் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. "அம்மா கிள்ளமாட்டா கண்ணு" என்று அடித்துவிடுவேன். அவளும் நம்பிக்கொள்வாள். நான் சொல்வதில் உன்னைக் கேட்கிறாள் என்று தெரிந்தது, அதனால் நிறுத்தவும் மனம் வரவில்லை.

அங்கே கோடையில் ராத்திரி பத்து மணிவரைக்கும் வெளிச்சம் இருக்கிறதாம். செடி தளதளவென்று வளர்ந்தது. ஆனால் இருட்டியதும் குளிர் வந்துவிடுவதால் பூவெல்லாம் கொட்டியது. ஆடி முடியும்போதுதான் முதல் கொத்து நின்றது. உங்கள் வீட்டு வழக்கத்தை அவள் மறக்கவில்லை, முதல் கொத்துக்கு மஞ்சள் நூல் கட்டிவிட்டாள். அது விதைக்கு, செடியிலேயே பழுத்துக் குழையவேண்டும், அதுவரை ஒருத்தரும் தொடக்கூடாது. நீ என் கையிலேயே தட்டியிருக்கிறாயே. மஞ்சள் நூலுக்கு அங்கே எங்கே போவாள்? பழைய சுடிதார் ஓரத்திலிருந்து உருவினாளாம்.

ஆவணி முழுக்கக் காய் பெருத்தது, நிறம் மட்டும் மாறவில்லை. "நாளைக்குச் செவந்துருமுங்ப்பா" என்பாள். மறுநாளும் அதையேதான் சொல்வாள். என் போனில் கோயம்புத்தூர் வெயிலுக்குக் கீழே கால்கரி குளிரையும் வைத்துக்கொண்டேன். பட்டறையில் வேலைக்கு நடுவே அதை எடுத்துப் பார்ப்பேன். பார்த்து என்ன செய்ய முடியும்? குளிரை என்னால் அடித்து விரட்ட முடியுமா?

போன வாரம் ஒருநாள் நான் பல் விளக்கும் நேரத்தில் கூப்பிட்டாள். பக்கத்து வீட்டு அம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று எச்சரித்தாராம். இன்று ராத்திரி உறைபனி விழும், எல்லாக் காயையும் பச்சையாகவே பறித்து வாழைப்பழத்தோடு மூடிவை, வீட்டுக்குள் பழுக்கும் என்று. மற்ற காயெல்லாம் பறித்துவிட்டாள். நூல் கட்டிய கொத்தின் முன்னால் நின்றுகொண்டுதான் என்னைக் கூப்பிட்டாள். அதில் ஒரு காய்க்கு அடிப்பக்கம் லேசாக மஞ்சள் தட்டியிருந்தது.

"அப்பா, நூல் கட்டுனதப் பறிக்கலாமுங்களா?"

நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனைப் பார்த்தேன். கால்கரியில் அன்றைக்கு இறங்கப்போகும் குளிர் இரண்டு டிகிரி என்று இருந்தது. எனக்குத் தெம்பு வந்துவிட்டது. "ரெண்டு இருக்குது கண்ணு. சைபருக்கு வந்தாத்தான் தண்ணி ஐஸாகும். விட்டுப்போடு. அம்மா இருந்தா பறிக்க உடமாட்டா" என்றேன்.

"போர்வையாவது போத்தட்டுங்களா?"

"எதுக்கு? செடிக்கு மூச்சு முட்டும்."

இந்த வெக்கையில் பிறந்து வளர்ந்தவன் வேறு என்ன சொல்வேன் சரசு?

அன்று சாயங்காலம், நான் உன் படத்துக்கு விளக்கு வைக்கும்போது, மறுபடி போன். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது. செடியைக் காட்டினாள். இலையெல்லாம் வெந்த கீரையாகத் தொங்கியது. காய்கள் கண்ணாடிபோல் ஆகி, தொட்டால் விரல் உள்ளே போனது. மஞ்சள் நூல் மட்டும் அப்படியே இருந்தது. அந்த இரண்டு டிகிரி, விமான நிலையத்தில் ஆள் உயரத்தில் வைத்து அளந்ததாம். வானம் தெளிந்திருந்தால் தரையில் அதைவிடக் கீழே போய்விடுமாம், பக்கத்து வீட்டு அம்மா சொல்லியிருக்கிறார். அளவை எங்கே வைத்து எடுத்தாய் என்று கேட்டுக் கேட்டே பட்டறை ஆட்களின் உயிரை வாங்குபவன் நான். என் மகளுக்கு வேண்டிய ஒரே ஒரு அளவில் அதைக் கேட்கவில்லை.

என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. செடிக்குப் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா போயிட்டாங்கப்பா" என்றாள்.

என்னமோ அப்போதுதான் நடந்ததுபோல எனக்குச் செய்தி சொல்கிறாள். பிறகு அழுதாள் பார், நான் கேட்டதே இல்லை அப்படி ஒரு அழுகை. ஒரு வருசத்து அழுகை. எனக்கும் தாங்கவில்லை, நானும் அழுதேன். வேட்டி முனையை எடுத்துப் போனில் அவள் கன்னத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கிறுக்குத்தான். கடல் தாண்டிக் கிடக்கும் பிள்ளைக்கு இந்தக் கையால் வேறு என்ன செய்ய முடியும்?

உன் வருசம் நாளை மறுநாள். வாழைப்பழத்தோடு மூடிவைத்த காய்கள் இன்னும் பழுக்கவில்லை. பழுக்க நாளாகும் என்கிறார்களாம், அதுவரை அழுகாமல் இருந்தால். இன்று காலை கூப்பிட்டுக் கேட்டாள்.

"பச்சைக் காயவே வெச்சுக் கும்புடட்டுங்களாப்பா? அம்மா கோவிச்சுக்குவாங்களா?"

உன் பெயரைச் சொல்லி இனி ஒரு வார்த்தை பேச எனக்குத் தைரியம் இல்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். கோபித்துக்கொள்வாயா சரசு? நீதான் சொல்லவேண்டும். எவ்வளவு நேரமாகக் கேட்கிறேன், படத்திலிருந்து அதே சிரிப்புத்தான் வருகிறது.

கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்க் கடைவீதிக்குப் போனேன். உனக்குப் படைக்க வாங்க வேண்டியதை வாங்கலாம் என்று. இங்கே தக்காளி கொள்ளை விளைச்சல். சாலையோரம் சாக்கு விரித்து மலையாகக் குவித்திருக்கிறார்கள், எல்லாம் செக்கச்செவேலென்று. அடியில் நசுங்கியதை மாடு தின்றுகொண்டிருந்தது. என் பிள்ளைக்கு இதில் ஒன்று கிடைக்கவில்லையே.

"நல்ல பழமுங்க, எடுத்துக்குங்க" என்றார் கடைக்கார அம்மா. பச்சையாக இருக்கிறதா என்று கேட்டேன். "பழம் இத்தன கெடக்கறப்ப காயி எதுக்குங்க?" என்று மேலும் கீழும் பார்த்தார். அவரே குனிந்து, குவியலைக் கிளறிக் கல்லுமாதிரி இரண்டு காய் தேடிக் கொடுத்தார்.

அவை இப்போது உன் படத்துக்கு முன்னால் இருக்கின்றன. நந்தினியைக் கூப்பிட்டுக் காட்டப்போகிறேன். நாளை மறுநாள் அவள் வைப்பதைத்தான் நானும் வைப்பேன். அவள் வீட்டில் பழம் பழுக்கும்வரைக்கும் நம் வீட்டிலும் உனக்குப் பழம் கிடையாது, இது சத்தியம். கோபித்துக்கொள்வதாக இருந்தால் எங்கள் இரண்டு பேர் மேலும் சேர்த்துக் கோபித்துக்கொள்.

உன் வீட்டுக்காரன்,
நந்தினியின் அப்பா