வேலிக்கு வேலி ஒரு சின்னத்தம்பி

5.3.87 வியாழன்

இரவு பெய்த பனி காலையில் சேறாகிவிட்டது. செவ்வாய்க்கிழமை இந்த ஊர்ச் சனம் வேடம் போட்டு ஆடிய கூத்தின் கலர்க் கடதாசித் துண்டுகள் இன்னும் ரோட்டில். ஒன்று என் சப்பாத்தில் ஒட்டிக்கொண்டு கந்தோருக்குள்ளும் வந்தது.

கலியாணப் பதிவுக் கந்தோரில் டெர்மின், அவர்கள் குறித்துத் தந்த நேரம். சிவநேசன் எனக்கு முன்னரே வந்து வாசலில். தலைக்கு எண்ணெய், கழுத்துவரை பொத்தான். (இனிச் சி. என்றே எழுதலாம். கை நோகிறது.)

கண்ணாடிக்கார அலுவலர். எங்கள் இரண்டு பிறப்புப் பத்திரங்களின் ஜெர்மன் மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். திரும்பவும் பார்த்தார்.

"உங்கள் தகப்பன் சின்னத்தம்பி கந்தையா?"

ஓம்.

"இவருடைய தகப்பனும் சின்னத்தம்பி கந்தையா?"

ஓம்.

"தாய் மட்டும் வேறு." இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார். "நீங்கள் இருவரும் ஒரே தகப்பனின் பிள்ளைகளா?"

சி. சிரித்துவிட்டார். எனக்குக் காதெல்லாம் சுட்டது. எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்றில்லை, தகப்பன் பெயரைத்தான் முன்னால் போடுவோம், அவர் பெயருக்கு முன்னால் அவருடைய தகப்பன் பெயர், தலைமுறைக்குத் தலைமுறை மாறும் என்று விளக்கப் போய், அப்பப்பாவோடு என் ஜெர்மன் தீர்ந்துபோனது. அந்த மனிதர் பாவம்போல் கேட்கிறார்: "அப்படியானால் யார் யாருடைய குடும்பம் என்று உங்களுக்கே எப்படித் தெரியும்?"

பதில் படியிறங்கும்போதுதான் வந்தது. உங்கள் டெலிபோன் புத்தகத்தில் முல்லர் பக்கம் பக்கமாகக் கிடக்கிறதே. ஒரு முல்லர் இன்னொரு முல்லரைக் கட்ட வந்தால் இப்படித்தான் விரலைத் தூக்குவீர்களா?

முடிவு: குடும்பத்தில் மூத்த ஒருவர் வந்து, இவர்கள் சகோதரர் இல்லை என்று சத்தியக் கடதாசியில் கையெழுத்து வைக்க வேண்டும். அடுத்த டெர்மின் 17, செவ்வாய். விட்டால் பிறகு கோடையில்தானாம்.

சி.யின் அக்கா சூரிச்சில். அகதிக் கடதாசியோடு எல்லை தாண்ட முடியாது. என் அப்பா உயிரோடு இல்லை, அம்மா உடுப்பிட்டியில். ஆக, இங்கே கூட இருக்கிற என் அண்ணைதான்.

வாங்க: வெங்காயம், தீப்பெட்டி, முத்திரை.

6.3 வெள்ளி

அண்ணையிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். "வெள்ளைக்காரனுக்கு விசர். வாறன், கையெழுத்துத்தானே."

மச்சாள் உள்ளி உரித்துக்கொண்டிருந்தாள். அண்ணையின் பெண்சாதி, அதிகம் பேசமாட்டாள். "அப்ப இந்த மாசமே கலியாண எழுத்து முடியுமோ?" என்று மட்டும் கேட்டாள்.

பிறகு அண்ணை, சேட்டுப் போட்டுக்கொண்டே: "எதுக்கும் விதானையாரிட்டை ஒரு சொல்லுக் கேப்பம். விசாரிச்சு முடியேல்லைத்தானே."

தை மாதமே ஓம் என்றவர். சாதகமும் பொருந்தியது. இன்னும் என்ன விசாரணை?

அரசாங்கம் தருகிற சாப்பாட்டுப் பார்சலில் இன்று: உருளைக்கிழங்கு, டின்னில் புளித்த முட்டைக்கோவா, யாருக்கும் வேண்டாத பன்றி இறைச்சி. அரிசி இல்லை.

8.3 ஞாயிறு



விதானையார் வந்தார். ஊரில் விதானையாக, அரசாங்கம் வைத்த ஊர் அதிகாரியாக, இருந்து பென்ஷன் எடுத்தவர், மகனோடு அகதியாக வந்து எங்கள் ஹைமில், இந்த அகதி விடுதியில், கீழ்மாடியில் இருக்கிறார். இங்கே ஆள வேறு ஒன்றுமில்லாதபடியால் எங்கள் பரம்பரைகளை ஆளுகிறார். புதிதாக ஒருவர் பெட்டியோடு வந்து இறங்கினால், குளிரோ பசியோ என்று கேட்கமுன் "தம்பி ஆற்ற மகன்?" என்பார்.

பொதுக் குசினியில் வழக்கு. அண்ணை கதிரை கொண்டுவந்து போட்டார். சி.யும் வந்திருந்தார். அடுத்த ஊர் ஹைமிலிருந்து பஸ்ஸில், கையில் ஒரு பை தோடம்பழம்.

விதானையார் கண்ணை மூடி யோசித்துவிட்டுச் சொன்னார்: "பிள்ளை, உன்ர அப்பப்பா சின்னத்தம்பிக்கு ரெண்டு கலியாணம்."

"இல்லை ஐயா. ஒண்டுதான்."

"உனக்குத் தெரியாது. மூத்த தாரம் சுழிபுரத்தில. அது சரிவராம உடுப்பிட்டிக்கு வந்துதான் உன்ர அப்பம்மாவைக் கட்டினவர். மூத்த தாரத்து மகன்தான் இந்தத் தம்பியின்ர தேப்பன் கந்தையா."

"ஒரு மனிசன் ரெண்டு மகனுக்கும் கந்தையா எண்டே பேர் வைப்பாரோ?"

"ஏன் வைக்கமாட்டார்? சின்னத்தம்பியின்ர தேப்பன் பேர் கந்தையா. பாட்டன் பேரை மூத்த பேரனுக்கு வைக்கிறது எங்கட வழக்கம்தானே. ரெண்டு வீட்டிலயும் வைச்சிருக்கினம்."

அண்ணை தலையாட்டுகிறார்! எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. அந்த வழக்கம் உண்மைதான், அதுதான் வயிற்றெரிச்சல். அதை வைத்துக்கொண்டு எந்தக் கந்தையாவையும் எந்தச் சின்னத்தம்பியோடும் கட்டிவிடலாமே.

தீர்ப்பு: சி. எனக்குப் பெரியப்பா மகன். அண்ணன் முறை. கலியாணம் என்ற பேச்சே கூடாது, கேட்டவர்களே தலை முழுக வேண்டும்.

இதையே அவர் அப்பப்பாவின் மகள் வழி என்று கண்டுபிடித்திருந்தால் சி. எனக்கு மச்சான், நாளைக்கே தாலி கட்டலாம். வித்தியாசம் விதானையாரின் மூடிய கண்ணுக்குள் இருக்கிறது.

செத்து எவ்வளவோ காலமான மனிதனுக்கு ஸ்டுட்கார்ட் குசினியில் இரண்டாம் கலியாணம். அப்பம்மா இருந்திருந்தால் அகப்பையோடு வந்திருப்பா.

பிறகு எல்லாரும் சி.யோடு தேத்தண்ணி குடித்தார்கள். விதானையார் "தம்பி எங்கட பிள்ளைதானே" என்று முதுகில் தட்டினார். தோடம்பழம் உரித்துத் தின்றார்.

10.3 செவ்வாய்

மழை. ஜெர்மன் வகுப்புக்குப் போகவில்லை. மாடி மாடியாக ஏறி இறங்கினேன்.

இந்த ஒரு கட்டடத்தில் மட்டும்:

மூன்றாம் மாடி யோகன். அப்பப்பா சின்னத்தம்பி, மானிப்பாய்.
அவர் பெண்சாதி. அம்மப்பா சின்னத்தம்பி, கோப்பாய்.
தாடிக்கார ரவி. பெரிய தாத்தா ஒருவர் சின்னத்தம்பி, ஊர் மறந்துபோச்சாம்.
விதானையாரின் சொந்த மாமனார். சின்னத்தம்பி!

யாழ்ப்பாணத்தில் வேலிக்கு வேலி ஒரு சின்னத்தம்பி. கடைக்குட்டியை அப்படிக் கூப்பிட்டே பழகி, அதுவே பெயராகிப் பதிவாகியிருக்கும். விதானையாரின் கணக்குப்படி அவருடைய மாமனாரும் என் அப்பப்பாதான் என்று வைத்தால் அவர் மனைவி எனக்கு மாமி, அவர் மாமா. அப்படியானால் மாமாவே வந்து கையெழுத்து வைக்கட்டும்.

இதை அண்ணையிடம் சொன்னேன்.

"பெரியவரோடை பகிடி விடாதை."

"பகிடி விடுறது ஆர்? இதை அம்மாவிட்டைக் கேப்பம்."

"கடிதம் போய்ச் சேர்ந்து மறுமொழி வர எத்தினை மாசம்?"

அதுவும் சரிதான். போன கடிதமே போய்ச் சேர்ந்ததோ தெரியாது. அங்கே கடிதம் கொண்டுபோகிற பஸ் ஓடுகிறதோ என்றே தெரியாது.

சி. தன் அக்காவைக் கேட்கலாம் என்கிறார். எங்கள் கட்டடம் பார்க்கிற ஹவுஸ்மைஸ்டரின் அறை போனுக்குச் சனிக்கிழமை எடுக்கச் சொல்வாராம். அந்த ஹவுஸ்மைஸ்டர் சிடுமூஞ்சி. பரவாயில்லை, நான் போய்க் கெஞ்சுகிறேன்.

சப்பாத்து ஓட்டை. உள்ளே பேப்பர் மடித்து வைத்தேன்.

14.3 சனி

அக்கா எடுத்தா. விதானையாரே ரிசீவரை வாங்கினார். அக்காவின் குரலுக்குப் போனே தேவையில்லை, அறை முழுக்கக் கேட்டது. அண்ணை, நான், கதவோடு சி.

"பிள்ளை, உங்கட அப்பப்பா உடுப்பிட்டியிலயும் கலியாணம் செய்தவரோ?"

"ஆர் சொன்னது? அவர் பிறந்ததும் சுழிபுரம், செத்ததும் சுழிபுரம். ஒரு கலியாணம். அந்த ஒண்டையே கொண்டிழுக்க ஏலாம இருந்தவர்."

நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

"அவரின்ர தேப்பன் பேர் கந்தையாவோ?"

"இல்லை ஐயா, வைரவி. அப்பாவுக்குக் கந்தையா எண்டு பேர் வைச்சது கந்தசட்டியில பிறந்தபடியால்."

முடிந்தது! எனக்குத் துள்ள வேண்டும்போல. ஆனால் விதானையார் ரிசீவரை வைக்கவில்லை. குரலைத் தணித்துக்கொண்டு:

"அப்ப நீங்கள் எந்தக் கோயிலடி?"

அக்கா சொன்னா.

"பக்கத்துக் காணியள் ஆற்ற?"

அதையும் சொன்னா. வெகுளியாக, வரிசையாக. அவர் "ஓ" என்றார். பிறகு இன்னொரு "ஓ", முந்தியதைவிடச் சின்னதாக. "சரி பிள்ளை, வைக்கிறன்."

"அப்ப நாங்கள் சொந்தமில்லைத்தானே ஐயா?" நான்தான் கேட்டேன்.

"சொந்தமில்லை."

"அப்ப பிரச்சினை இல்லை."

என்னைப் பார்க்கவே இல்லை. அண்ணையைப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, ஆக்கள் வேறை."

அவ்வளவுதான். ஹவுஸ்மைஸ்டர் திறப்புக் கொத்தைக் குலுக்கி எல்லாரையும் வெளியே போகச் சொன்னார்.

15.3 ஞாயிறு

வெயில். இந்த வருடத்தின் முதல் நல்ல வெயில், எனக்கு எதற்கு?

அண்ணை நேற்றிலிருந்து முகம் கொடுக்கவில்லை. ஒரு கிழமையாக நான் சி.க்குக் கிட்டவாம், கட்டக்கூடாது. இப்போது தூரமாம், கட்டக்கூடாது. சட்டைக்கு அளவெடுக்கிற மாதிரி எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள், எந்த அளவில் சரிவரும் என்று மட்டும் எவரும் சொல்லமாட்டார்கள்.

கிழக்கு பெர்லின் வழியாக வந்தபோது எல்லாரும் ஒரே வரிசையில்தான் நின்றோம். இங்கே எல்லாருக்கும் ஒரே பார்சல், ஒரே கக்கூசு, "நிராகரிக்கப்பட்டது" என்ற ஒரே கடதாசி. விதானையாருக்கும் அதே கடதாசிதான் வந்தது, மகன் வாசித்துக் காட்டும்போது நானும் நின்றேன். நாளைக்குத் திருப்பி அனுப்பினால் எல்லாரையும் ஒரே பிளேனில்தான் அனுப்புவான். அதற்குள் இவர் கோயிலடி கேட்கிறார். வெட்கம் கெட்ட கேள்வி.

சி.யை ஸ்டேஷனில் கண்டேன். கோபமே இல்லாமல் நிற்கிறார், அது எனக்கு இன்னும் கோபம்.

"எனக்குத் தெரியும் இது வருமெண்டு," என்றார்.

"தெரிஞ்சும் ஏன் போன் எடுக்கச் சொன்னனீங்கள்?"

"வேறை என்ன செய்யிறது? உமக்கு அண்ணனா இருக்கச் சொல்லுறீரோ?" கழுத்துப் பொத்தானைக் கழற்றினார். "ஒண்டு சொல்லட்டே, வசந்தி. போன ஞாயிறு விதானையார் தன்ர கோப்பையில எனக்குத் தேத்தண்ணி ஊத்தித் தந்தவர். ஊரில எங்கட அப்பாவுக்கு ஆரும் அப்பிடித் தந்ததில்லை. பிழையான சின்னத்தம்பி எண்டு தெரிஞ்சும் நான் வாங்கிக் குடிச்சன்."

நான் அழுதேன். ஸ்டேஷனில், எல்லாரும் பார்க்க. அவமானம் அவருக்கு ஏன் வர வேண்டும்? ஊற்றிக் கொடுத்தவனுக்கல்லவா வர வேண்டும்.

16.3 திங்கள்

நாளை டெர்மின். பயிற்றம்பருப்பு தீர்ந்துவிட்டது. தலையிடி.

பின்னேரம் குசினியில் அண்ணையிடம் நேராகவே கேட்டேன். மச்சாள் அடுப்படியில். வேறு எவரும் இல்லை.

"அண்ணை, நாளைக்கு வாறியளோ?"

"ஏலாது."

"கலியாணத்துக்கு ஓம் எண்டு கேக்கேல்லை. அவர் என்ர சகோதரம் இல்லை எண்டு மட்டும்தான் கையெழுத்து. அது உண்மைதானே? விதானையாரே சொன்னவர்தானே?"

"நான் வைக்கமாட்டன். ஊரில அம்மா எப்பிடித் தலை நிமிர்த்துறது?"

"அம்மா பங்கருக்குள்ள குனிஞ்சிருக்கிறா, அண்ணை."

மேசையில் ஓங்கி அடித்தார். தேத்தண்ணி சிந்தியது. "நாளைக்கு அங்கை போனாயெண்டா எனக்குத் தங்கச்சி எண்டு ஒருத்தி இல்லை."

இதுவரை நான் அண்ணையை எதிர்த்து ஒரு சொல் சொன்னதில்லை. இன்று நிறுத்த முடியவில்லை.

"அவர் எனக்கு அண்ணன் இல்லை எண்டு சொல்ல உங்களுக்குக் கை வருகுதில்லை. நான் உங்களுக்குத் தங்கச்சி இல்லை எண்டு சொல்ல மட்டும் ஒரு சத்தியக் கடதாசியும் தேவைப்படேல்லை."

அண்ணை யன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.

மச்சாள் அடுப்பை நிற்பாட்டினாள். கையைச் சீலையில் துடைத்தாள்.

"வசந்தி, அந்தக் கந்தோரில குடும்பத்தில மூத்த ஆள் எண்டு கேட்டவங்களோ, மூத்த ஆம்பிளை எண்டு கேட்டவங்களோ?"

"ஆள் எண்டுதான் மச்சாள்."

"இஞ்ச பார்!" என்றார் அண்ணை. அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"எத்தினை மணி பஸ்?"