விட்டுப்போன முனுசாமி

வியாழன், நவம்பர் 2004

என் கண் மங்கியதால்தான் முகாம் பட்டியலில் முனுசாமியின் பெயர் விட்டுப்போனதாம்; ஊரில் அப்படிப் பேசுகிறார்கள். தவறு. எனக்குக் கண் நன்றாகத் தெரிகிறது.

கண் அறுவைச் சிகிச்சை முகாமின் பட்டியல் கம்ப்யூட்டரில் எக்ஸ்எம்எல் கோப்பாக இருக்கிறது; அதிலிருந்து ஆளுக்கொரு சீட்டாகப் பிரித்துத் தரும் ஸ்டைல்ஷீட் என்ற நிரல் நான் எழுதியது. ஒவ்வொரு பெயருக்கும் கோப்பு முழுவதையும் தேடிக் கம்ப்யூட்டர் திணறியது. எனவே பெயரையும் ஊரையும் சேர்த்து, ஆளைச் சட்டென்று எடுக்க உதவும் அடையாளமாக ஒரு ‘கீ’ வைத்தேன். இருமுறை பதிந்தவர்கள் நீங்கட்டும் என்று, ஒரு கீக்கு முதல் ஆளை மட்டும் எடுத்தேன். நொடியில் முடிந்தது. முனுசாமியின் ஊரான திருப்புலிவனத்தில் பேரன்கள் எல்லோருக்கும் தாத்தா பெயரையே வைப்பார்கள் என்பது எனக்குத் தோன்றவில்லை.

மாலையில் முனுசாமியின் மனைவி வந்தாள்.

“இன்னாம்மா, அவரு பெரியப்பா புள்ள, அந்த முனுசாமிக்கு மட்டும் சீட்டு வந்துக்கீது. எங்க வூட்டுக்காரருக்குக் கண்ணு வாணாமா?”

தகப்பன் பெயரையும் கீயில் சேர்த்து மறுபடி ஓட்டினேன். அவர் பெயர் வந்துவிட்டது. ஆனால் இடங்கள் நிரம்பிவிட்டன, முகாமுக்கு வண்டி சனிக்கிழமை புறப்படுகிறது. முகாம் டாக்டருக்குக் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன்: பிழை என்னுடையது. இவருக்கு இடம் உண்டா, இல்லையா? எழுத்தில் பதில் தாருங்கள்.