கல்லூரிக்கு ஒரு பக்கெட்

1999 ஜூலை 4, ஞாயிறு

பக்கெட் வாங்குவது என்று இன்று முடிவு செய்யப்பட்டது. காலைக் காபியோடு தொடங்கிய ஆலோசனை, சாப்பாட்டுக்கு இடைவேளை விட்டு, பிற்பகல்வரை நீடித்தது. பிளாஸ்டிக், பெரிய அளவு, மூடியுடன். நிறம் குறித்து ஒருமித்த கருத்து ஏற்படவில்லை. நான் சிவப்பு என்றேன். சரசா பக்கெட்டே வேண்டாம் என்றாள். அதில் குளிக்கப்போகும் கௌஷிக்கிடம் கருத்துக் கேட்கப்படவில்லை.

பின்னால் படித்துப் பார்த்தால் எனக்கே புரிய வேண்டும் என்பதற்காக எழுதி வைக்கிறேன். கௌஷிக்குக்குத் திருச்சியில் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. அது மத்திய அரசுக் கல்லூரி. ஒவ்வொரு மாநிலத்துக்கும் சில இடங்கள். கௌஷிக் பிறந்து வளர்ந்தது இந்தச் சிஞ்ச்வட்டில் என்பதால் மகாராஷ்டிரத்தின் பங்கில் போகிறான். திருச்சியில் படித்துவிட்டு இங்கே வேலை தேடி வந்தவனின் மகன், மகாராஷ்டிரத்தின் பிரதிநிதியாகத் திருச்சிக்கு! அரசாங்கத்துக்கு நகைச்சுவை உணர்வு இல்லை என்று இனி சொல்லமாட்டேன்.

இங்கேயும் ஒரு கல்லூரியில் இடம் இருக்கிறது. வீட்டிலிருந்து பஸ்ஸில் அரை மணி. ஆகஸ்ட் 14 வரை அதை வைத்துக்கொள்ளலாம். சரசா அந்தக் கட்சி.

"ஏன்னா, திருச்சில பக்கெட் விக்கறதை நிறுத்திட்டாளா?" என்றாள்.

விற்கிறார்களா என்பதல்ல கேள்வி. ஹாஸ்டலில் நுழைகிறவன் முதல் நாள் யாரிடமும் எதையும் கேட்கக்கூடாது. முதல் நாள் கேட்டவன் கடைசிவரை கேட்கிறவனாகவே இருந்துவிடுவான். இது என் சொந்த அனுபவம் என்று சொன்னேன்.

"அவன் படிக்கப் போறானா, நீங்க திரும்பிப் போறேளா?"

பதில் சொல்லத் தேவையில்லாத கேள்வி.

ஜூலை 8

வாங்கியாயிற்று. சிவப்பு.

ஜூலை 11, ஞாயிறு

எங்கள் குடியிருப்பின் தமிழர்கள், கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளுக்கு அறிவுரை சொல்ல என்னை அழைத்திருந்தார்கள். என் தகுதி, நான் வங்கியில் வேலை பார்ப்பதும், மறுக்கத் தெரியாததும். வந்தவர்களில் பிள்ளைகள் ஆறேழு பேர். பெற்றோர் அறை நிறைய. பெற்றோர் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். பிள்ளைகள் வெளியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முன் பெஞ்சில் உட்காருங்கள் என்றேன். அன்றன்றைய பாடத்தை அன்றே படியுங்கள் என்றேன். நண்பர்களைத் தேர்ந்தெடுத்துப் பழகுங்கள் என்றேன். குரல் எனக்கே கம்பீரமாக இருந்தது.

இரண்டாம் மாடி வைஷு கை தூக்கினாள். "அங்கிள், நீங்க காலேஜ்ல இதெல்லாம் பண்ணேளா?"

நேரமாகிவிட்டதால் வடா பாவ் சாப்பிடப் போகலாம் என்று கூட்டத்தை முடித்தேன்.

ஜூலை 15

கௌஷிக்கின் தமிழ் கவலை தருகிறது. வீட்டுக்குள் ஓடுகிறது, வாசற்படியில் நின்றுவிடுகிறது. பக்கெட்டைப் 'பால்டி' என்கிறான். இந்தத் தமிழோடு போனால் இவனை யாரும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். ஆகவே தினம் இரவு சாப்பாட்டுக்குப் பின் வகுப்பு. திருச்சி மாணவர்கள் எப்படிப் பேசிக்கொள்வார்கள், ஒருவனைப் பாராட்ட என்ன சொல்வார்கள், கேலிக்கு என்ன, வாத்தியாருக்கு வைக்கும் பெயர்கள் எவ்வகைப்பட்டவை என்று உதாரணங்களோடு விளக்கினேன்.

பொறுமையாகக் கேட்டான். நல்ல பையன். கடைசியில், "அப்பா, இது எந்த வருஷத்துத் தமிழ்?" என்றான்.

1970. வேறு எந்த வருஷத்துத் தமிழ் எனக்குத் தெரியும்?

ஜூலை 18, ஞாயிறு

கீழ்வீட்டு முகமது ரஃபீக் வந்திருந்தார். வாணியம்பாடிக்காரர், பக்கத்தில் போசரியில் பட்டறை வைத்து கார் கம்பெனிகளுக்கு உதிரி பாகம் செய்கிறார். கூடத்தின் நடுவில் நின்ற பக்கெட்டைச் சுற்றி வந்து பார்த்தார். உள்ளே மக், சோப்புப் பெட்டி, கொடிக்கயிறு, பித்தளைப் பூட்டு, தேங்காயெண்ணெய், மேலே மூடி.

பையனுக்கு ஏதாவது சொல்லுங்கள் என்றேன்.

"சீனியர் யாராவது பாடத் தெரியுமான்னு கேட்டா, தெரியாதுன்னு சொல்லிடு தம்பி. தெரியும்னு சொன்னவன் நாலு வருஷம் பாடணும்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "சார், புது மிஷின் வந்தா நாங்க மொதல்ல ஓட்டித்தான் பாப்போம். எங்கயாவது நின்னாதான் புஸ்தகத்தைத் தொறப்போம். நீங்க மிஷின் வர்றதுக்கு முன்னாடியே புஸ்தகம் முழுக்கப் படிச்சுக் காட்டறீங்க."

கௌஷிக் முதல் முறையாகச் சிரித்தான். எனக்கு ரஃபீக்மேல் கொஞ்சம் வருத்தம்.

ஜூலை 24

மழை விடவில்லை. துணி எதுவும் காயவில்லை. வீடு முழுக்க ஈர வாசனை. அந்த வாசனை என்னைப் பழைய ஹாஸ்டல் வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது.

நான் வாளி இல்லாமல் போனவன். படுக்கைச் சுருளும் தகரப் பெட்டியும் இருந்தன. வாளி என்று ஒன்று வேண்டும் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. முதல் நாள் காலை குளியலறை வாசலில் துண்டோடு நின்றேன். எல்லோர் கையிலும் வாளி. பக்கத்து அறைக்காரன் ஒருவன், தூத்துக்குடிப் பையன், இரும்பு வாளி. அதில் வெள்ளைப் பெயின்டில் 'சேவியர்' என்று எழுதியிருந்தது. "நில்லு, நான் குளிச்சிட்டுத் தாரேன்" என்று உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டான்.

உள்ளே போனதும் பேச ஆரம்பித்தான். யார், எந்த ஊர், கணக்கு வருமா, கடல் பார்த்திருக்கிறாயா. நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று பதில் சொன்னேன். மறுநாளும். அதற்கு மறுநாளும். பெரிய கடைத்தெருவில் வாளி கிடைத்தது. வாங்க வேண்டும், வாங்க வேண்டும் என்று மூன்று வருஷம் ஓடிவிட்டது. நேரில் பார்த்துப் பேசியதைவிட அந்தக் கதவு வழியாகப் பேசியது அதிகம். இருவரும் ஒன்றாக வகுப்புக்குத் தாமதமாகப் போனோம். முன் பெஞ்ச் எங்களுக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை.

சேவியர் இப்போது தூத்துக்குடியில் பள்ளி ஆசிரியன். கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை அனுப்புகிறான். இங்கே வந்த பின் எனக்கு அறிமுகமானவர்கள் நூறு பேர் இருப்பார்கள். வாழ்த்து அட்டை அனுப்புகிறவன் அவன் ஒருவன்தான்.

இதைக் கௌஷிக்கிடம் சொல்லவில்லை. பாடத்திட்டத்துக்கு எதிரானது.

ஜூலை 30, வெள்ளி

கௌஷிக் போய்விட்டான்.

கூடப் போக வேண்டும் என்றுதான் இருந்தேன். வங்கியில் தணிக்கை, விடுப்பு இல்லை. அதே கல்லூரிக்குப் போகும் நாக்பூர்ப் பையன்கள் இருவர், இங்கே உறவினர் வீட்டுக்கு வந்திருந்தவர்கள், அதே ரயிலில் இருந்தார்கள். அவர்களோடு உட்கார வைத்தோம். சரசா சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கொடுத்தாள், தலையைத் தடவினாள், நகர்ந்து நின்றுகொண்டாள். மிச்ச நேரம் முழுவதும் நான் பேசினேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மெட்ராஸில் வண்டி மாறுவதைப் பற்றி, தண்ணீர் பற்றி, சீனியர்கள் பற்றி, யாரிடமும் எதையும் கேட்டு நிற்காதே என்பதைப் பற்றி. வண்டி நகர்ந்தது. கூடவே நடந்தேன். இன்னும் இரண்டு விஷயம் பாக்கி இருந்தது.

கௌஷிக் ஜன்னல் வழியாக என்னவோ காட்டினான். கை அசைக்கிறான் என்று நானும் கை அசைத்தேன். வலது கையால். இடது கையில் பக்கெட்.

லோக்கல் ரயிலில் சிஞ்ச்வட் திரும்பினோம். பக்கெட் என் மடியில். எதிரே இருந்த அம்மாள் நல்ல பக்கெட் என்று மராத்தியில் சொல்லி, எங்கே வாங்கியது என்று கேட்டாள். சரசா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

ஆகஸ்ட் 1, ஞாயிறு

ஹாஸ்டல் வாசல் எஸ்.டி.டி. போன் கடையிலிருந்து கூப்பிட்டான். போய்ச் சேர்ந்துவிட்டான். மகாராஷ்டிரப் பங்கில் வந்தவன் என்பதால் நாக்பூர்ப் பையன்களோடு ஒரே அறை. தமிழ்ப் பையன்கள் இவனை மராத்திக்காரன் என்று நினைத்து இங்கிலீஷில் பேசுகிறார்களாம். தமிழில் பதில் சொன்னானா என்று கேட்டேன். சொன்னானாம். நான் கற்றுக்கொடுத்த பாராட்டுச் சொல்லைச் சொன்னானாம். ஹாஸ்டலில் இப்போது அவன் பெயர் 'தாத்தா'.

ஆகஸ்ட் 4

சரசா பக்கெட்டைப் பாத்ரூமில் வைத்தாள். நான் எடுத்துப் பரணில் வைத்தேன். இரவுக்குள் அது மறுபடி பாத்ரூமில்.

ஆகஸ்ட் 8, ஞாயிறு

கௌஷிக் போன் பண்ணினான். குரலே சரியில்லை.

"அப்பா, நான் வந்துடறேனே. இங்க எனக்கு யாருமே இல்லை. அங்க சீட் இன்னும் இருக்கோல்லியோ?"

இருக்கு. அடுத்த சனிக்கிழமை வரைக்கும் இருக்கு. சரசா பக்கத்திலேயே நிற்கிறாள், வான்னு சொல்லுங்கோ, வான்னு சொல்லுங்கோ என்று கை ஜாடை. இத்தனை நாள் பேசினேனே, ஒரு வாக்கியம் வந்ததா? வாயில் வந்தது இதுதான்: "குளிக்கறதுக்கு என்ன பண்றே?"

"ரூம்ல இருக்கறவாளோட பக்கெட் உடைஞ்சு போச்சு. பக்கத்து ரூம்ல அருணாச்சலம்னு ஒருத்தன். அவன் குளிச்சப்புறம் வாங்கிக்கறேன். நாளைக்குக் கடைக்குப் போய் ஒண்ணு வாங்கிடறேம்ப்பா."

"வாங்காதே" என்றேன்.

"என்னப்பா?"

"பக்கெட் வாங்காதே. சனிக்கிழமை வரைக்கும் வாங்காதே. அப்பறமும் வரணும்னு தோணினா வா, நான் ஸ்டேஷனுக்கு வரேன்."

வைத்துவிட்டான். சரசா நேரே படியிறங்கிப் போய்விட்டாள். பிள்ளை அழறான், இவர் பக்கெட் வாங்காதேங்கறார் – இது அவள் கீழ்வீட்டில் ரஃபீக் மனைவியிடம் சொன்னது. படி வழியாகக் கேட்டது. சரியாகத்தான் சொன்னேனா? ஒரு பையனின் நாலு வருஷத்தை ஒரு வாளியில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். தப்பாகப் போனால்?

ஆகஸ்ட் 12

மறுபடி போன். கணக்கு வாத்தியார் பற்றி, மெஸ்ஸில் சாம்பார் பற்றிச் சொன்னான். வருவது பற்றி அவன் பேசவில்லை. நாங்களும் கேட்கவில்லை. சரசா கேட்க வாயெடுத்த நேரத்தில், "அம்மா, வெச்சுடறேன். அருணாச்சலத்துக்கு பக்கெட்டைத் திருப்பிக் குடுக்கணும். கத்தறான்" என்றான். பின்னால் யாரோ நிஜமாகவே கத்தினார்கள். "தாத்தா" என்று.

ஆகஸ்ட் 14, சனி

இங்கத்திய கல்லூரியின் கெடு சாயங்காலம் ஐந்து மணி. ஐந்துக்குச் சரசா கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்க் காபி போட்டாள். எனக்கும் சேர்த்து.

செப்டம்பர் 19

கௌஷிக் போனில் வேகமாகப் பேசுகிறான். இன்று சொன்னதில் சில தமிழ்ச் சொற்கள் எனக்குப் புரியவில்லை. கேட்டுக்கொள்ளவில்லை.

நவம்பர் 7, ஞாயிறு

தீபாவளி. கௌஷிக் வரவில்லை, விடுமுறை குறைவு, பயணம் அதிகம். புதுக்கோட்டையில் அருணாச்சலம் வீட்டில் இருக்கிறான். சரசா அருணாச்சலத்தின் அம்மாவோடு அரை மணி நேரம் போனில் பேசினாள். தன் பிள்ளையோடு இரண்டு நிமிஷம். விடிகாலையில் நாங்கள் இருவர் மட்டும் எண்ணெய் தேய்த்துக் குளித்தோம். அவன் புதுச்சட்டையை மஞ்சள் தடவி அலமாரியில் வைத்திருக்கிறாள்.

ஹாஸ்டலில் நான் கழித்த முதல் தீபாவளி நினைவுக்கு வந்தது. நான் ஊருக்குப் போகாமல் தூத்துக்குடி போனேன். சேவியர் வீட்டில் தீபாவளி கிடையாது. எனக்காக ஒரு பெட்டி மத்தாப்பு வாங்கி வைத்திருந்தார்கள். எங்கள் அம்மா அன்று என்ன செய்திருப்பாள் என்று இத்தனை வருஷத்தில் இன்றுதான் யோசித்தேன்.

டிசம்பர் 26, ஞாயிறு

நேற்றிரவு கௌஷிக் வந்தான், அருணாச்சலத்தோடு. பையன் ஒல்லி, பெரிய குரல். வந்ததும் சரசாவிடம், "அம்மா, உங்க பையனுக்குத் தமிழ் யாரு சொல்லிக்குடுத்தா? எங்க தாத்தாவே அப்படிப் பேசமாட்டாரு" என்றான். சரசா என்னைக் காட்டினாள்.

சேவியரின் வாழ்த்து அட்டையும் நேற்று வந்தது.

நல்ல குளிர். காலையில் சரசா வெந்நீர் போட்டாள். அருணாச்சலம் சிவப்பு பக்கெட்டோடு முன்பக்கப் பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டான். கௌஷிக் துண்டோடு வெளியே நின்றான். நான் பேப்பர் படித்து முடிக்கும்வரை இருவரும் கதவு வழியாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் வீட்டில் இரண்டு பாத்ரூம். இரண்டிலும் பக்கெட் உண்டு.