மயிரிழைக் கம்பி

என் வீட்டுக்காரிக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? மழுப்பாமல் எழுது.

நேற்று விடுதிக்காரர் ஒருவர், என்னிடம் வாங்கிய டிவி கேபிள் கனெக்டர்களைக் கேபிள் நுனியோடு வெட்டி எடுத்து வந்து மேசையில் கொட்டினார்.

"என்னய்யா, குப்பைய வித்திருக்கே? ஒரு ரூம்லயும் படம் தெரியல. எல்லாத்தையும் திருப்பி எடுத்துக்க!"

எடுத்தால் கடை படுத்துவிடும். எட்டு வருடமாக விற்றதோடு சரி, உள்ளே உற்றுப் பார்த்ததில்லை. ஒன்றின் வாய்க்குள் டார்ச் அடித்தேன். கேபிளைச் சுற்றியிருக்கும் கம்பிவலையிலிருந்து மயிரிழை போல ஒரு கம்பி நீண்டு நடுக்கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தது; இரண்டும் தொட்டால் படம் வராது. அடுத்ததிலும் அதே கதை.

"யாருங்க மாட்டினது?"

"நாந்தான்," என்றார். குரல் இறங்கிவிட்டது.

வலையை முழுக்கப் பின்னால் மடித்துப் புதிதாக ஒன்று மாட்டினேன். கடை டிவியில் படம் பளிச்சென்று நின்றது. மனிதர் இன்னொரு பெட்டி கனெக்டர் வாங்கிப் போனார்.

அதிலிருந்து எனக்கு ஒரே குடைச்சல். நம் வீட்டு டிவிக்குக் கனெக்டர் மாட்டியது நான்தான்; வலையை மடித்ததாக நினைவில்லை. படம் ஆடுகிறது என்று நீ சொன்னபோது உன்னைத்தான் திட்டினேன். அந்தக் கனெக்டரைத் திருகிக் கழற்றி, வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்.

கடைக்கு ஆள் வந்துவிட்டார், முடிக்கிறேன். பார்க்கும்போது எனக்குப் போன் போட்டுப் பக்கத்தில் வைத்துக்கொள். நிதானமாகவே பார்.